நான்காவது கிளிக்

சென்ற வாரம் வொர்க்‌ஷாப்பிலிருந்து உங்களில் ஒருவர் போன் செய்து, பெயின்ட் பேனாவை எப்போது கையில் எடுக்க வேண்டும் என்று கேட்டார். "முறுக்கி முடிச்ச அப்புறம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பதில் சரிதான். ஆனால் அன்று மதியம் முழுக்க எனக்கு வேறு வேலையே ஓடவில்லை. முறுக்கினேனா இல்லையா என்று தெரியாமல் இருபது பேரை நடு டிராக்கில் நிறுத்தியவன் நான். என்னிடம் போய் அதைக் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கதை உங்களில் பாதிப் பேருக்குப் பாதிதான் தெரியும். மீதியையும் எழுதிவிடுகிறேன். இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வது என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள், எனக்கே இன்னும் குழப்பம்தான்.

நீங்கள் இப்போது நிற்கும் அதே தொம்மலூர் வொர்க்‌ஷாப்பில்தான் முப்பது வருடம் ஸ்பானர் பிடித்தேன். முதல் பாதி ஸ்கூட்டரும் மொபெட்டும். பிறகு பெரிய பைக்குகள் வந்தன. வைட்ஃபீல்டில் ஐந்து நாள் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, டிவியில் ரேஸ் பார்த்துவிட்டு, வளைவில் சாய்ந்து முழங்கால் தரையில் உரசினால்தான் பிறவிப் பயன் என்று வருகிற பிள்ளைகள். நல்ல பிள்ளைகள்தான். சிக்னலில் ஆக்ஸிலேட்டரை முறுக்குவதைவிட டிராக்கில் முறுக்கட்டும் என்று மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூரைவிட்டு அத்திபெலே தாண்டி உள்ளே இருக்கும் சின்ன டிராக்குக்கு வேனில் சாமான்களைப் போட்டுக்கொண்டு நாமும் கூடவே போக ஆரம்பித்தோம். ரேஸ் கிடையாது, பரிசு கிடையாது. வண்டியின் பக்கக் கண்ணாடியைக் கழற்றி, உடைந்தால் சிதறாமல் இருக்க ஹெட்லைட் மேல் டேப் ஒட்டி, இருபது இருபது பேராகக் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு வருவார்கள். அவர்கள் டிராக்குக்குள் போகுமுன் வண்டியைப் பார்த்து அனுப்புவது நம் வேலை.

குறி போடும் வழக்கம் எப்படி வந்தது என்று தெரியுமா? எனக்கு மூத்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். மகா சந்தேகப் பேர்வழி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். மற்றவன் முறுக்கிய போல்ட்டை எல்லாம் இவர் ஒரு தடவை முறுக்குவார். ஒரு நாள் நான் முறுக்கி முடித்த போல்ட்டை, இருக்கட்டும் என்று இன்னொரு அழுத்து அழுத்தினார். தலை கையோடு வந்துவிட்டது. மிச்சத்தைத் துளை போட்டு எடுப்பதற்குள் பகல் முழுதும் போனது. அன்றிலிருந்துதான் நம் வொர்க்‌ஷாப்பில் மஞ்சள் பெயின்ட் பேனா. யார் முறுக்குகிறாரோ அவரே போல்ட் தலைமேல் ஒரு கோடு போடுவார். கோடு இருந்தால் வேலை முடிந்தது, வேறு யாரும் அதில் ஸ்பானர் வைக்கக் கூடாது. நல்ல வழக்கம்தான், கோடு போட்டவனுக்கே சந்தேகம் வராத வரையில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஷாலினியின் முன் டயரில் ஆணி ஏறியிருந்தது. ஷாலினி சேலத்துப் பெண், வைட்ஃபீல்டில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. தான் செய்வதும் நான் செய்வதும் ஒரே வேலை, தப்பு கண்டுபிடிப்பது, என்று என்னைக் கிண்டல் செய்வாள். டயரை மாற்ற முன் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அதற்கு, இரண்டு பக்கமும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற பிரேக் காலிப்பர்களைக் கழற்ற வேண்டும். பக்கத்துக்கு இரண்டு போல்ட், மொத்தம் நான்கு. மாட்டும்போது டார்க் ரென்ச்சால் முறுக்கினால், வேண்டிய இறுக்கம் வந்ததும் கிளிக் என்று ஒரு சத்தம் வரும். நான்கு போல்ட், நான்கு கிளிக். குழந்தைக்குக்கூடத் தெரிகிற கணக்கு.

இடது பக்கம் இரண்டையும் முறுக்கினேன், கோடு போட்டேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே வலது பக்கம் போய் உட்கார்ந்து, இரண்டு போல்ட்டையும் விரலால் சுற்றி உள்ளே ஏற்றினேன். அப்போது பாபு வந்து நின்றான்.

"அண்ணா, டேப் இருக்கா? என்னுது தீந்துபோச்சு. ஹெட்லைட்டு ஒட்டலன்னா கேட்டுல உட மாட்டேன்றாங்க."

"உனக்கு எப்பவும் கடைசி நிமிஷந்தான்டா."

"டிராக்ல ஃபர்ஸ்ட் வரேன்ல, அதுக்கு இது சரியாப் போச்சு."

பாபு எலக்ட்ரீஷியன். தொம்மலூரில் பழைய ஊருக்குள்ளே வீடு. அப்பார்ட்மென்ட்களில் வயரிங் வேலை. கைமாறிய ஒரு சின்ன வண்டி வைத்திருந்தான், போனில் வீடியோ பார்த்து அதை அவனே பிரித்து அவனே மாட்டுவான். நேர் ரோட்டில் பெரிய வண்டிகள் அவனைத் தாண்டிப் போகும், வளைவில் அவன் உள்ளே புகுந்து அவர்களைத் தாண்டுவான். அதைப் பார்ப்பதற்காகவே சிலர் சுவரோரம் வந்து நிற்பார்கள், நானும் நிற்பேன். எழுந்துபோய் வேனிலிருந்து டேப்பை எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வந்து ஷாலினி வண்டிக்கு வலது பக்கம் கோடு போட்டேன். ஹாரன் அடித்தார்கள், அவர்கள் குரூப் டிராக்குக்குள் போனது. ஷாலினி, பாபு, இன்னும் பதினெட்டுப் பேர்.

அடுத்த வண்டியின் பின் சக்கர நட்டை முறுக்கிக்கொண்டிருந்தேன். கிளிக் என்றது. அந்தச் சத்தம் கேட்டதும், காலையில் ஷாலினி வண்டியில் இது எத்தனை தடவை கேட்டது என்று தோன்றியது. இடது பக்கம் இரண்டு கேட்டது நினைவிருக்கிறது. வலது பக்கம் கோடு போட்டதும் நினைவிருக்கிறது. நடுவில் ஒன்றும் இல்லை. டேப், பாபுவின் சிரிப்பு, பிறகு கோடு, அவ்வளவுதான். பேனா கையிலேயே இருந்ததால், முறுக்கியாயிற்று என்று கை தானாக முடிவு செய்து கோடு போட்டுவிட்டதா? இல்லை, வழக்கம்போல முறுக்கினேன், வழக்கமான காரியம் என்பதால் மனசில் பதியவில்லையா? எவ்வளவு மண்டையைக் குடைந்தும் மூன்றாவது கிளிக்கும் வரவில்லை, நான்காவதும் வரவில்லை.

வேகமாக வந்து முன் பிரேக்கை அழுத்தும்போது ஒரு காலிப்பர் கழன்று சக்கரத்துக்குள் சிக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவள் ஏற்கெனவே மூன்று ரவுண்டு போயிருந்தாள். லூசாக இருந்தால் இதற்குள் தெரிந்திருக்காதா என்று ஒரு மனசு. விரலால் ஏற்றிய போல்ட் பத்து ரவுண்டுகூடத் தாங்கும், பதினொன்றாவதில் விழும் என்று இன்னொரு மனசு. எது சொல்வது சரி என்று பார்க்க நேரமில்லை. மாடியில் இருக்கும் கன்ட்ரோல் ரூமுக்கு ஓடினேன்.

டிராக்கைப் பார்த்துக்கொண்ட மேடத்துக்கு வீட்டில் கன்னடம். அத்திபெலேயில் வளர்ந்ததால் தமிழ் தண்ணீர் பட்ட பாடு, அவசரம் என்றால் மட்டும் இரண்டும் கலந்து வரும்.

"மேடம், ஷாலினி வண்டிய உள்ள கூப்பிடணும்."

"ஏனாயித்து? என்ன ஆச்சு?"

"முன் பிரேக் போல்ட்டு. ரைட் சைடு முறுக்குனனான்னு தெரியல."

"மார்க் இருக்கா?"

"இருக்கு."

"யார் போட்டது?"

"நான்தான்."

"அப்போ முறுக்கியிருக்கீங்க."

"அதான் மேடம் தெரியல."

மேடம் உடனே, ஒரே ஒரு வண்டியை மட்டும் டிராக்கைவிட்டு உள்ளே அழைக்கிற கறுப்புக் கொடியையும் அவள் நம்பர் எழுதிய பலகையையும் ஸ்டார்ட் கோட்டில் காட்டச் சொன்னார். ஷாலினி வந்தாள். காற்றுக்காக உடம்பை டேங்க் மேல் படுக்கப்போட்டு, அடுத்த வளைவை மட்டும் பார்த்துக்கொண்டு, கொடியைத் தாண்டிப் போய்விட்டாள். டிவியில் இவர்கள் ஆயிரம் கொடி பார்த்திருப்பார்கள், தனக்கென்று ஒரு கொடி காட்டுவார்கள் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அடுத்த ரவுண்டிலும் பலகையை உயர்த்தி ஆட்டினார்கள். அதையும் தாண்டிப் போனாள்.

அந்த இரண்டு ரவுண்டில் நான் என்னென்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். அவள் உயிரைப் பற்றி நினைத்தேன். அதோடு, எல்லாரையும் நிறுத்திப் பார்த்து போல்ட் இறுகியிருந்தால் என் மானம் போகுமே என்றும் நினைத்தேன். முப்பது வருட மெக்கானிக், சொந்தக் கோட்டையே நம்பாதவன் என்று பேர் வருமே. இன்னும் ஐந்தாறு நிமிடத்தில் தானாகவே உள்ளே வந்துவிடுவாள், யாருக்கும் தெரியாமல் முறுக்கிவிடலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

"ரெட் ஃப்ளாக் போடட்டுமா?" என்றார் மேடம். "பேக ஹேளி, சீக்கிரம். ஷூரா சொல்லுங்க."

"ஷூர் இல்ல மேடம்."

"ஷூர் இல்லாம இருபது பேர நிறுத்தணுமா?"

"நிறுத்துங்க," என்றேன். இன்னொரு தடவையும் சொன்னேன்.

சிவப்புக் கொடி என்றால் டிவி பார்க்கிறவர்களுக்கு டீ போட்டு வருகிற இடைவேளை. டிராக்கில் அது இருபது வண்டிகளும் ஒரே நேரத்தில் வேகத்தை மாற்றுகிற நேரம். அதனால்தான் காலையில் எல்லாரையும் உட்கார வைத்து, சிவப்பு பார்த்தால் டக்கென்று பிரேக் அடிக்காதே, கையைத் தூக்கு, மெதுவாகக் குறை என்று பாடம் எடுப்பது. அன்றும் எடுத்தார்கள், எல்லாரும் தலையாட்டினார்கள். ஐந்தாவது வளைவில் முதல் தடவை வந்த ஒருவர், கொடியைப் பார்த்த பதற்றத்தில் நிமிர்ந்து பிரேக்கைப் பிடித்துவிட்டார். பின்னால் வந்த வண்டிக்கு இடமில்லை. வாக்கி டாக்கியில், "அஞ்சாவது கார்னர், ஒருத்தர் விழுந்துட்டார், ஆம்புலன்ஸ் அனுப்புங்க" என்று குரல் வந்தது.

ஷாலினிதான் என்று நினைத்தேன். காலிப்பர் கழன்றுவிட்டது, இரண்டு ரவுண்டு யோசித்தேனே, முடிந்தது. மாடிக் கம்பி மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தேன். அப்போது கீழே ஷாலினி இடது கையைத் தூக்கியபடி மெதுவாக உள்ளே வருவதைப் பார்த்தேன். சந்தோஷப்பட்டேன். விழுந்தது வேறு யாரோ என்று சந்தோஷப்பட்டேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதை எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லை.

கீழே ஓடினேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் ரென்ச்சை எடுத்து வலது பக்கம் மேல் போல்ட்டில் வைத்தேன். மயிரிழைகூட நகரவில்லை. கிளிக். கீழ் போல்ட். அதுவும் நகரவில்லை. கிளிக். சுற்றிலும் பத்துப் பேர் நின்றிருந்தார்கள், யாரோ லேசாகச் சிரித்தார்கள்.

"டைட்டா இருக்கா அங்கிள்?" என்றாள் ஷாலினி.

"இருக்கும்மா."

"அப்ப எதுக்கு நிறுத்துனீங்க?"

அதற்குள் ஆம்புலன்ஸ் நாம் வண்டிகளைப் பார்க்கும் பிட் பக்கம் வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரில் பாபு கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தான். வலது தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. என்னைப் பார்த்ததும், "யாருக்குண்ணா கொடி?" என்று கேட்டான். டாக்டர் கதவைச் சாத்திவிட்டார்.

அடுத்த இரண்டு நாள் நடந்ததுதான் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. டிராக் டே வாட்ஸ்அப் குரூப்பில் என்னைப் பாராட்டித் தள்ளினார்கள். சந்தேகம் வந்ததும் கௌரவம் பார்க்காமல் நிறுத்தினார், இதுதான் பாதுகாப்பு என்று ஒரே கைதட்டல். கௌரவம் பார்க்காத ஆள் இரண்டு ரவுண்டு என்ன செய்துகொண்டிருந்தான் என்று யாரும் கேட்கவில்லை. நம் முதலாளி தோளைத் தட்டி, வொர்க்‌ஷாப்புக்கு நல்ல பேர் என்றார். அதே குரூப்பில் பாபுவுக்குச் சீக்கிரம் குணமாகட்டும் என்று நாலு பேர் போட்டிருந்தார்கள். ஷாலினி போன் செய்தாள். "உங்களுக்கு தேங்க்ஸ் சொல்றதா, திட்டறதான்னே தெரியல அங்கிள். என் வண்டியில ஒண்ணுமே இல்ல, அவருக்குத் தோள்பட்டை ஒடஞ்சிருக்கு. நான் அவர்கிட்ட என்ன பேசறது?" என்றாள். எனக்குத் தெரிந்திருந்தால் நானே போய்ப் பேசியிருப்பேன். தெரியாமலேதான் மூன்றாம் நாள் பாபு வீட்டுக்குக் கிளம்பினேன்.

சந்துக்குள் இரண்டாவது மாடி. பாபு பாய் மேல் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். காலர் எலும்பு முறிவு. கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அவன் மனைவி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஆறு வாரம் ஏணி ஏறக் கூடாதாம். ஏணி ஏறாம இவருக்கு என்ன வேல இருக்கு, நீங்களே சொல்லுங்க" என்றாள். சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும், அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

நடந்ததை எல்லாம் அவனிடம் சொன்னேன். டேப் கேட்டு அவன் வந்ததைச் சொல்லவில்லை, அவனே அதைச் சொன்னான்.

"நான் நடுவுல வந்துதான் உங்களுக்கு மறந்துபோச்சா?"

"மறக்கலடா. முறுக்கித்தான் இருந்துச்சு."

"அப்ப ஏன்ணா?" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். டீயை ஊதி ஒரு வாய் குடித்தான். பிறகு கேட்டான்: "ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் போல்ட்டு என் வண்டியில இருந்திருந்தா, ரெட் போடச் சொல்லியிருப்பீங்களா?"

"சொல்லியிருப்பேன்டா."

பாபு சிரித்தான். "டக்குனு சொல்லிட்டீங்க. ஷாலினி மேடத்துக்கே ரெண்டு ரவுண்டு யோசிச்சேன்னு இப்பதான் சொன்னீங்க." நான் ஏதோ சொல்ல வந்தேன், அவன் நல்ல கையை ஆட்டி நிறுத்தினான். "சும்மா கேட்டேண்ணா. என் வண்டிய நீங்க தொட்டதே இல்ல. உங்களுக்கு எப்படி சந்தேகம் வரும்?"

கோபமே இல்லாமல்தான் சொன்னான். அதுதான் சுருக்கென்றது. உண்மைதானே. நாம் பார்த்தது நம் வொர்க்‌ஷாப்புக்கு வருகிற வண்டிகளை. பாபு மாதிரி தாங்களே வண்டி வேலை பார்த்துக்கொண்டு வருகிறவர்கள் பிட்டின் கடைசியில் வேப்பமரத்தடியில் நிறுத்துவார்கள். கேட்டில் கண்ணாடி கழற்றியிருக்கிறதா, டேப் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள், பிரேக்கை ஒரு தடவை அழுத்திப் பார்ப்பார்கள், உள்ளே விட்டுவிடுவார்கள். அவன் வளைவெடுக்கும் அழகை எத்தனையோ தடவை சுவரோரம் நின்று ரசித்த நான், அந்த வண்டிப் பக்கம் குனிந்து பார்த்ததில்லை. டேப் கேட்டான், டேப் கொடுத்தேன்.

"வண்டி எங்கடா?"

"கீழ, படிக்கட்டுக்கு அடியில. டெம்போவுல கொண்டாந்து போட்டாங்க. ஏன்?"

"சும்மா பாக்கறேன்."

என் ஸ்கூட்டரில் எப்போதும் ஒரு ஸ்பானர் செட் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு அடியில் உட்கார்ந்தேன். ஹேண்டில் வளைந்திருந்தது, டேங்க் நசுங்கியிருந்தது, ஹெட்லைட் மேல் நான் கொடுத்த டேப் அப்படியே இருந்தது. சின்ன வண்டி, முன்னால் ஒரே காலிப்பர், இரண்டு போல்ட். பாபு கட்டுப்போட்ட கையைத் தாங்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, கடைசிப் படியில் உட்கார்ந்தான்.

மேல் போல்ட்டில் ஸ்பானரை வைத்தேன். அரைச் சுற்று வந்த பிறகுதான் இறுக ஆரம்பித்தது. கீழ் போல்ட் இன்னும் மோசம், ஸ்பானர் இல்லாமல் விரலுக்கே நகர்ந்தது.

விழுந்த அதிர்ச்சியில் தளர்ந்திருக்கலாம். அன்று காலையிலிருந்தே இப்படித்தான் ஓட்டியிருக்கலாம். கொடி காட்டாமல் இருந்திருந்தால் இன்னும் ஏழெட்டு ரவுண்டு போயிருப்பான். என் சந்தேகம் அவன் தோளை உடைத்ததா, இல்லை அவனை உயிரோடு வீட்டுக்குத் திருப்பி அனுப்பியதா? அன்றும் எனக்குத் தெரியவில்லை, இதை எழுதும் இன்றும் தெரியவில்லை. அவனிடம் சொல்வதா வேண்டாமா என்பதுகூடப் புரியவில்லை.

"டைட்டா இருக்கா அண்ணா?"

"இல்லடா," என்றேன். "ரெண்டுமே லூசு."

பாபு நல்ல கையை நீட்டிக் கீழ் போல்ட்டை விரலால் சுற்றிப் பார்த்தான்.

"முறுக்குனேன்ணா," என்றான். "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."